வண்டி வராமல் சொல்லக் கூடாத வரி

அனுப்புநர்:
வே. காஞ்சனா (வயது 73),
க/பெ. காலஞ்சென்ற வேதாசலம், ரயில்வே கேங் மேஸ்திரி,
மௌலா அலி, ஹைதராபாத்.

பெறுநர்:
இயக்குநர் திரு. வெங்கடராமன் அவர்கள்,
வட்டார இசை ஒலிக் காப்பகம்,
திருமுல்கேரி, ஹைதராபாத்.

பொருள்: என் வீட்டுக்காரர் குரலில் உள்ள ஒரு வரியை நீக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 02.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்று கேள்விப்பட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். நாலாவது வரை படித்தவள். பிழை பொறுக்கவும்.

1. என் வீட்டுக்காரர் தண்டவாளம் தூக்கும் கேங்குக்குப் பாட்டு சொன்னவர். அவர் சொல்லச் சொல்லப் பதினாலு ஆள் கடப்பாரை போட்டு நெம்புவார்கள். அதில் ஒரு வரி, வண்டி வந்தால் மட்டும் சொல்வது. காதில் விழுந்ததும் எல்லாரும் பாதையை விட்டுக் குதிக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவரைக்கூட அவர் வண்டிக்குக் கொடுக்கவில்லை. அந்த வரியை இந்த மனுவில் எழுத மாட்டேன். வண்டி வராமல் சொல்லக் கூடாது.

2. 1996, பொங்கலுக்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமை, பாட்டு ஆராய்ச்சி என்று தங்கள் காப்பகத்திலிருந்து உமாசங்கர் என்பவர் டேப்போடு வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவை டீ குடித்தார். அந்த வரி மட்டும் நக்கோ என்று என் வீட்டுக்காரர் மறுத்தார். ஒரே தடவை என்று வந்தவர் கெஞ்சினார். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இவர் சொன்னார். பிறகு இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர், போனவர்தான். அவர் முகத்தை நான் மறக்கவில்லை.

3. இப்போது தாங்கள் அந்தப் பதிவை ஒரு பாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்து, அவர்கள் மேளம் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. செத்து இருபது வருஷமானவர் ஆட்டோவிலும் பால் கடையிலும் கூப்பிடுகிறார். முதல் வாரம் பழைய கேங் ஆட்கள் தெருவிலேயே துள்ளி ஒதுங்கினார்கள். இப்போது ஒருவரும் திரும்புவதில்லை. பாடியவர் "பெயர் தெரியாத தொழிலாளி" என்று போட்டிருப்பதைப் பேத்தி தேஜஸ்வினி போனில் காட்டினாள். அவள் அப்பா, என் மகன் கிரி, அதே கேங்கில் இருக்கிறான். கேங் ஆட்கள் பாடி போனில் போட்ட வீடியோவை, உரிமை காப்பகத்துக்கு என்று நீக்கிவிட்டார்கள். நான் முறையிட்டதற்கு, பயன்படுத்த அனுமதி கேட்கும்படி பதில் தந்தீர்கள். எனக்குப் பயன்படுத்த வேண்டாம் ஐயா. யாரும் பயன்படுத்தக் கூடாது என்கிறேன்.

4. சென்ற வியாழன் காலை நல்ல மழை. கிரி பாதையில் குனிந்திருந்தான். பின்னால் அப்பா குரலில் அந்த வரி கேட்டிருக்கிறது. யார் போனோ அடிக்கிறது என்று நகரவில்லை. கூட வேலை செய்யும் மாதவ் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தான். கடப்பாரை வண்டியில் பட்டு வளைந்துவிட்டது.

போன்கள் எல்லாம் அப்போது பெட்டியில் பூட்டியிருந்தன. மாதவுக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. மேளம் இல்லாமல் கேட்டது என்கிறான் கிரி. அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியதாம்.

ஆகவே, மற்றப் பாட்டைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியைக் கம்பெனிப் பாட்டிலிருந்தும் தங்கள் அலமாரியிலிருந்தும் அழித்து, வேதாசலம் என்று பேர் போட உத்தரவிடும்படி வேண்டுகிறேன். அவர் கூப்பிடுவதை யாரும் நிறுத்த முடியாது, நான் அதைக் கேட்கவும் இல்லை. அடுத்த தடவை கூப்பிடும்போது என் பிள்ளை நகர வேண்டும்.

இடம்: மௌலா அலி
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
வே. காஞ்சனா

இணைப்பு: வளைந்த கடப்பாரையின் போட்டோ.