சாயம் படாத செல்கள்

மினியாபொலிஸ்
2021 மார்ச் 4

அன்புள்ள லொரெய்ன்,

ஏரி இன்னும் உருகவில்லை. உன் கோபமும் அப்படித்தான் இருக்கும். "கம்ப்யூட்டர் பாக்கறதில்லடி, படம் வரையுது" என்று சொல்லிவிட்டு நீ என் ஆய்வகத்தை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது.

பார்வை மங்கியவர்களுக்காக வளர்க்கும் விழித்திரைச் செல் நல்லதா என்று அறிய அதன் உட்கருவைப் பார்க்க வேண்டும்; சாயம் போட்டால்தான் அது தெரியும். சாயம் போட்ட செல்லையோ நோயாளியின் கண்ணில் வைக்க முடியாது. சாயத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கினேன். இப்போது வெறும் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பார்த்தே உட்கரு எங்கே என்று என் நிரல் காட்டுகிறது.

செல்களையும் நிரல் வரைந்த படங்களையும் அனுப்பியிருக்கிறேன். நீயே சாயம் போட்டு ஒப்பிட்டுப் பார். குறை கண்டுபிடிக்க உன்னை விட்டால் ஆளில்லை.

பிரியமுள்ள
மாரிட்

மில்வாக்கி
மார்ச் 22

மாரிட்,

ஊரே கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக்கூடப் போகாமல் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கே பொறாமை. ஆனால் ஓரிடத்தில், வெறும் காற்றுக்குமிழிக்குள், அழகான உட்கரு ஒன்றை வரைந்து வைத்திருக்கிறது. 'தெரியாது' என்று சொல்லத் தெரியாத யாரையும் நான் வேலைக்கு வைப்பதில்லை.

லொரெய்ன்

மினியாபொலிஸ்
செப்டம்பர் 9

அன்புள்ள லொரெய்ன்,

உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி ஆய்வகச் சுவரில் ஒட்டினேன். "ஒரு குமிழிதானே, விடுங்க" என்றார்கள் மாணவர்கள். "உங்கம்மா கண்ணுக்குள்ள போனா விடுவீங்களா?" என்றேன்.

இப்போது ஐந்து நிரல்களைத் தனித்தனியே பழக்கி, ஒரே படத்தைக் கொடுக்கிறோம். ஐந்தும் ஒத்துப்போகாத இடம் கறுப்பாகவே நிற்கும். உன் குமிழியும் கறுப்பாகிவிட்டது. முடிந்தால் அடுத்த தப்பைப் பிடி!

மாரிட்

மில்வாக்கி
2022 ஜூன் 28

அன்புள்ள மாரிட்,

குளிர்காலம் முழுக்கத் தேடினேன். உன் நிரல் தடுமாறிய இடங்கள் கிடைத்தன. அத்தனையும் அது கறுப்பாக விட்ட இடங்கள்தான்.

ஏப்ரலில், இங்கே நடக்கும் சோதனைச் சிகிச்சைக்காக, பள்ளிப் பேருந்து ஓட்டும் டுவெய்ன் என்பவரின் கண்ணில் வைக்க வளர்த்த செல்தகடு என் மேசைக்கு வந்தது. சாயம் ஒரு துளி படவில்லை. உன் நிரல் காட்டிய படத்தில் ஒரு மூலை மட்டும் கறுப்பு. அதை வெட்டச் சொன்னேன். "மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?" என்றார் சர்ஜன். "நான்தான்" என்று கையெழுத்துப் போட்டேன்.

இன்று டுவெய்ன் பரிசோதனைக்கு வந்திருந்தார். நர்ஸைப் பார்த்து, "என்னம்மா, சட்டையெல்லாம் கோழியா இருக்கு?" என்றார். அது வாத்து. ஆனால் போன வருஷம் அவருக்குச் சட்டையே தெரிந்ததில்லை.

ஜூலையில் அங்கே வருகிறேன். உன் ஐந்து பேரோடும் எனக்கு நேரில் சண்டை போட வேண்டும்.

உன்
லொரெய்ன்