மஞ்சள் அட்டைக் கையேடு

வடக்குப்பட்டு
20.10.2024, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் "இருக்கேன்டி" என்றுதான் சொல்வாய். அதனால் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். உங்கள் கம்பெனி ஹாஸ்டலில் சமைப்பது என் வகுப்பு சுகப்பிரியாவின் அம்மா காவேரி அக்காதான் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. இந்தக் கடிதத்தை எடுத்துப்போகச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தெருவுல நிக்க வெச்சிடுவாரு. ஒரே ஒரு தபா" என்றார். ஒரு தபா என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள்.

மாமாவைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன் பெயரை இன்னும் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. எனக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் அம்மா போனையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால்கூடக் கை நின்றுவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று. முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்த பதினான்கு பேரை ஞானம்மா டீச்சர் எழுப்பி நிறுத்தி, ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டைக் கையேடு கொடுத்தார். மெலிசாக இருக்கிறது. "இனிமே உங்களுக்கு இதான் புக்கு. இதுல கீறத மட்டும் படிங்க, பாஸ் ஆயிடுவீங்க. வேற எதையாச்சும் தொட்டீங்க, ஸ்கூல் ரிசல்ட்டைக் கெடுக்கறதே நீங்கதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அக்கா, பதினொன்றில் எனக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும். எங்கள் பள்ளியில் அதற்கு ஐந்நூறுக்கு நானூறு எடுக்க வேண்டும். மஞ்சள் கையேட்டை முழுங்கினாலும் கணக்கில் ஐம்பதைத் தாண்டாது.

ஜூலையில் பள்ளியிலிருந்து ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு அக்கா மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இயந்திரக் கை எந்த வழியாகத் திரும்ப வேண்டும் என்று மாற்றிக்கொண்டிருந்தார். எப்படி என்று கேட்டேன். "எல்லாம் கோணம்தான்மா. கணக்கு" என்றார். அன்றைக்கு எனக்கு எந்தக் கோணமும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டும்.

பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும், சொல்.

உன்
இசைவாணி

*

ஸ்ரீபெரும்புதூர்
27.10.2024

என் இசைக்கு,

சாப்பிட்டேன். காவேரி அக்கா சாம்பாரில் முருங்கைக்காய் தேட வேண்டும், அவ்வளவுதான். உன் எழுத்தைப் பார்த்ததும் ஷிப்ட் பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி "லவ் லெட்டரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒன்றரை வருடமாக ஒரு வரி இல்லை. எழுத நினைத்ததும் கணக்குக்காகத்தான். இருக்கட்டும், அதற்காவது என் ஞாபகம் வந்ததே.

நான் சொல்வதைக் கேள். கையேட்டை மட்டும் படி. ஞானம்மா டீச்சர் வாய்தான் அப்படி, தப்பான வழி சொல்ல மாட்டார். முதலில் பாஸ் ஆகு. மற்றதைப் பிறகு பார்க்கலாம். பெயில் ஆன பெண்ணை நம் வீட்டில் இரண்டாவது முறை பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று உனக்கே தெரியும்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டேன் என்று சொல்லாதே. சும்மா கேட்டு எழுது.

கங்கா

*

வடக்குப்பட்டு
17.11.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம். முட்டி பரவாயில்லை.

உன் பேச்சை ஒரு வாரம் கேட்டேன். கையேட்டில் ஒரு கணக்கை மனப்பாடம் செய்து, அதே கணக்கில் ஐந்துக்குப் பதில் ஏழு என்று எழுதிப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை. அப்படியானால் நான் படித்தது கணக்கே இல்லை.

அதனால் பெரிய பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். தீர்த்துக் காட்டிய கணக்கை ஒரு முறை படிக்கிறேன். தட்டை எடுத்து மேலே கவிழ்த்துவிட்டு வெற்றுத் தாளில் போடுகிறேன். எங்கே நிற்கிறேனோ அந்த வரியை மட்டும் தட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். மறுநாள் எண்ணை மாற்றிப் போடுகிறேன். நாலு நாள் கழித்துத் திரும்பவும். முதல் வாரம் எல்லாவற்றிலும் நின்றேன். இப்போது எங்கே நிற்பேன் என்று முன்கூட்டியே தெரிகிறது. அதுவே ஒரு தைரியம்.

சுகப்பிரியா திருத்தித் தருகிறாள். கணக்கில் அவள் தொண்ணூற்றிரண்டு. அவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வேண்டாமாம், காமர்ஸ்தான் வேண்டுமாம். டீச்சர்கள் ஆள் மாற்றி ஆள் அவளுக்குப் புத்தி சொல்கிறார்கள். வேண்டாம் என்கிறவளைப் பிடித்து இழுக்கிறார்கள். வேண்டும் என்கிறவளைக் கேட்பாரில்லை.

வகுப்பில் மஞ்சள் கையேட்டுக்குள் பெரிய புத்தகத்தை வைக்க முடியாது. அதனால் எல்லாம் ராத்திரிதான். யாரிடமும் சொல்லாதே.

நீ எந்த குரூப் எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று எனக்குச் சொன்னதே இல்லையே?

இசைவாணி

*

ஸ்ரீபெரும்புதூர்
1.12.2024

இசை,

நான் எடுக்கவில்லை. கொடுத்தார்கள்.

என் காலத்தில் கையேட்டுக்கு அட்டை பச்சை. நானும் அந்தப் பட்டியலில் இருந்தேன். கணக்கில் சரியாக முப்பத்தைந்து. சேரப் போன அன்றைக்கு கிளார்க் மார்க்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை, வொகேஷனல் குரூப் என்று எழுதினார். அப்பா பக்கத்தில் நின்று "பாஸ் ஆயிடுச்சு சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு என்ன வேண்டும் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் லைனில் எனக்குப் பின்னால் வந்த டிப்ளமோ பையன்கள் எனக்கு சூப்பர்வைசர். நான் அதே ஸ்க்ரூ.

இதைப் படித்துவிட்டு உனக்கு வேகம் வரும் என்று தெரியும். அதனால் இன்னொன்றையும் எழுதுகிறேன். என் பெஞ்சில் உலகம்மாள் இருந்தாள். உன்னைப்போலவே கையேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய புத்தகம் படித்தாள். முப்பத்தொன்று எடுத்தாள். ஆனி மாதம் கல்யாணம் செய்துவிட்டார்கள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "நீ பச்சைப் புக்கைப் படிச்ச. பொழைச்ச" என்றாள்.

எனக்கு நீ உலகம்மாள் ஆகிவிடக் கூடாது. கையேட்டைப் படி, கண்ணு.

கங்கா

*

வடக்குப்பட்டு
5.1.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அரையாண்டில் கணக்கு இருபத்தொன்பது. நீ சொன்னபடியே ஆயிற்று என்று நினைப்பாய். கொஞ்சம் பொறு.

தாள் கையில் வந்த அன்று அழுதேன். மறுநாள் அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மார்க்கும் எங்கே போயிற்று என்று எழுதினேன். தெரியாமல் போனது இருபத்தொன்று. கூட்டல் கழித்தலில் ஒன்பது. மீதி நாற்பத்தொன்று, தெரிந்தும் எழுதாதது. வரைபடமும் வடிவியலும் எட்டு எட்டுப் பதினாறு. "இது நமக்குத் தெரியும், கடைசியில் போடலாம்" என்று விட்டேன். கஷ்டமான ஐந்து மார்க் கணக்கு ஒன்றோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றேன், வீறாப்பில். மணி அடித்துவிட்டது.

நாற்பத்தொன்றும் என் கையிலிருந்து விழுந்தது. இருபத்தொன்பதோடு அதைக் கூட்டு. எழுபது.

உலகம்மாள் அக்கா பெரிய புத்தகம் படித்ததால் பெயில் ஆகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மாதிரி எழுதிப் பார்க்க அவருக்கு யாரும் இன்னொரு தேர்வு கொடுக்கவில்லை. இனி வரைபடமும் வடிவியலும் முதல் ஐம்பது நிமிடத்தில். எந்தக் கணக்கோடும் பத்து நிமிடத்துக்கு மேல் சண்டை இல்லை.

பயம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இசைவாணி

*

வடக்குப்பட்டு
16.2.2025, இரவு

அக்கா,

நீ ஞானம்மா டீச்சருக்குப் போன் செய்திருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். செக்யூரிட்டி உடுப்போடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் என் பையைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இருபத்தொம்போது எடுத்துகினு ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் படிக்குதாம் சார். உங்க பெரிய பொண்ணு போன்ல அழுவுது, எப்பிடியாச்சும் பாஸ் பண்ண வெச்சிடுங்க டீச்சர்னு."

"எந்தப் பொண்ணு?" என்றார் அப்பா.

"கங்கா சார். நம்ம கங்கா." டீச்சர் தன் போனை அப்பா பக்கம் திருப்பி உன் நம்பரைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, "எத்தினி நாளா நடக்குது இது?" என்றார். அம்மாதான் சொன்னாள்: "நான்தான் எழுதச் சொன்னேன். இன்னா இப்போ? பெத்ததுங்க ரெண்டும் பேசிக்கக் கூடாதா?" அம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, அக்கா. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொன்னாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புத்தகம் டீச்சரின் அலமாரியில் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் தருவாராம். தினமும் சாயங்காலம் நான் தனியாக உட்கார்ந்து மஞ்சள் கையேட்டை எழுதிக் காட்ட வேண்டும். சுகப்பிரியா தன் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். "எனக்குத்தான் மனப்பாடம் ஆயிட்டுச்சே, வெச்சிக்கடி" என்றாள்.

யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். சுகப்பிரியாவைத் தவிர உனக்கு மட்டும்தான் அது தெரியும்.

இனிமேல் எழுத மாட்டேன். எனக்கு நேரமும் இல்லை.

இசைவாணி

*

ஸ்ரீபெரும்புதூர்
23.2.2025

இசை,

எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். பீஸ் சரியில்லையோ என்று சந்தேகம் வந்தாலே இழுத்துவிட வேண்டும். லைன் நின்றுவிடும். தப்பாக இழுத்தாலும் திட்ட மாட்டார்கள். இழுக்காமல் விட்டால்தான் திட்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் எனக்குப் பழக்கம். உன் இருபத்தொன்பதைப் பார்த்ததும் கை தானாக மேலே போய்விட்டது.

நீ பீஸ் இல்லை. இது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

போன் செய்தது தப்பு. டீச்சரிடம் திரும்பவும் பேசிப் புத்தகத்தைக் கேட்கட்டுமா என்று நினைத்தேன். உன்னைக் கேட்காமல் செய்யப் போவதில்லை.

கங்கா

*

ஸ்ரீபெரும்புதூர்
8.4.2025

இசை,

நேற்று உனக்குக் கணக்குப் பரீட்சை. பத்து மணியிலிருந்து ஒன்றேகால் வரை கடிகாரத்தையே பார்த்தேன். இரண்டு பீஸ் ரிஜெக்ட் ஆயிற்று. சூப்பர்வைசர் பையன் "அக்கா, உடம்பு சரியில்லியா?" என்றான்.

எப்படி எழுதினாய் என்று காவேரி அக்காவிடம் கேட்டேன். "என்னைக் கேக்காத, அது வாயே தொறக்கல" என்றார்.

பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கங்கா

*

வடக்குப்பட்டு
25.5.2025, ஞாயிறு

அக்காவுக்கு,

போன் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது. பேசினால் கோபமாகப் பேசிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். கோபம் இன்னும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் முன்னூற்று எண்பத்தொன்பது. கணக்கில் அறுபத்தேழு.

ஹெச்.எம். அறையில் மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, பாஸ் ஆயிட்ட. வொகேஷனல்ல சீட் கீது, இன்னிக்கே சேந்துக்கோ" என்றார். "வேணாம் மேடம். ஃபர்ஸ்ட் குரூப்தான் வேணும்" என்றேன். நானூறுக்குப் பதினொன்று குறைகிறது, ரூல் ரூல்தான் என்றார்.

நான் அழாமல் நிற்பதிலேயே கவனமாக இருந்தேன். அப்போது அப்பா சொன்னார்: "அக்டோபர்ல முப்பத்தொண்ணு மேடம். இப்ப அறுபத்தேழு. அதுக்கு எதுனா ரூல் கீதா?" ஹெச்.எம். மார்க் பட்டியலை மடித்து வைத்தார். "அப்போ டி.சி. குடுத்துடுங்க" என்றார் அப்பா. எனக்கே அவரை யார் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்குப் போனோம். அங்கே கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப்பில் இடம் இருந்தது. அந்த டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அறுபத்தேழு எடுத்துட்டு இந்த குரூப் கேக்குறியே, தாங்குவியா?" என்றார். "தாங்கலைன்னா எந்த எடத்துல தாங்கலைன்னு உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும் மிஸ். எழுதிக் காட்டுறேன்" என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் படிவத்தைக் கொடுத்தார்.

அதை நான்தான் நிரப்பினேன். குரூப் என்ற இடத்தில் என் கையால் எழுதினேன். கீழே, அவசரத்துக்குப் பள்ளிக்கு அருகில் உள்ள உறவினர் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மு. கங்கா என்று எழுதினேன். உறவு, அக்கா. போன் நம்பர் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. நீ போனதும் நம்பரை மாற்றிவிட்டாயே, எனக்கு எப்படித் தெரியும்?

அப்பா வாசலைப் பார்த்தபடியே பத்து எண்ணையும் சொன்னார். எங்கேயும் நிற்கவில்லை. யோசிக்கவும் இல்லை.

நான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. சாயங்காலம் நாலு பத்துக்கு விடுவார்கள். வடக்குப்பட்டு பஸ் ஐந்தரைக்குத்தான். அது வரைக்கும் கேட்டுக்கு வெளியே நிற்பேன். நீ காலை ஷிப்டாக இருந்தால் வா. திட்டுவேன். திட்டி முடித்த பிறகு உட்கார்ந்து பேசலாம்.

இசைவாணி
பதினொன்றாம் வகுப்பு, ஃபர்ஸ்ட் குரூப்