ஒன்பதுக்கு உள்ளே, ஆறுக்கு வெளியே

ஆகஸ்ட் 4, திங்கள்

வருகைப் புத்தகத்தில் இன்றும் எல்லாப் பெயரையும் நானே எழுதினேன். ஜூன் வரை வருகிறவர்களே எழுதிக்கொள்வார்கள், நான் பேனாவை மட்டும் நீட்டுவேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, "ரேவதி" என்று எழுதி அதை அவளிடமே காட்டினேன்.

"எனக்கே இவ்ளோ அழகா வராது தாத்தா" என்றாள்.

கீழே பட்டுக்கடை, மாடியில் ரேவதி வேலை செய்யும் கம்ப்யூட்டர் கம்பெனி. இரண்டுக்கும் வாசல் ஒன்று, வாட்ச்மேனும் ஒருவன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் படியேறிப் போய்க் கம்ப்யூட்டர்காரர்களிடம் சேலை கேட்கிறது.

ஆகஸ்ட் 6

தேவகி மேடம் போக்கு சரியில்லை. மாடியில் வேலை செய்யும் நான்கு பேருக்கும் அவர்தான் லீடர். கூரம் கிராமத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். ஒரு வாரமாக ஒவ்வொருவராக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பேசுகிறார். அரை மணி நேரம். அப்படி என்ன பேச்சு? இன்று ரேவதி இறங்கும்போது கண் சிவந்திருந்தது.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல தாத்தா."

ஒன்றுமில்லாததற்கா கண் சிவக்கும்?

ஆகஸ்ட் 8

மாடியில் வேலை செய்யும் சத்யராஜ் டீ குடிக்கும்போது சொன்னான். வேலை கொடுக்கும் அமெரிக்காக்காரன் பாதி வேலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறானாம். கம்பெனியில் ஆள் குறைப்பார்களாம்.

"யாரை?"

"அது தேவகி அக்காவுக்குத்தான் தெரியும். கேட்டா சிரிக்கிறாங்க."

சிரிக்கிறாரா! குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 11

இன்று மேடம் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தாத்தா, வர்ற வியாழன் இல்ல, அடுத்த வியாழன் சென்னையில முதலாளி மீட்டிங். அன்னிக்கு உங்க புக்கு எனக்கு வேணும். ஜூலையிலேர்ந்து எல்லாம் இருக்குதுல்ல?"

"இருக்குதும்மா. எதுக்கு?"

"அப்புறம் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியபோது ஒரு மேஸ்திரி இப்படித்தான் புத்தகத்தை மாடிக்கு எடுத்துப் போனான். மறுநாள் எட்டுப் பேரிடம் ஒரு தாளில் கைநாட்டு வாங்கினான். நாங்களாகவே வேலையை விட்டுப் போகிறோம் என்று அதில் எழுதியிருந்ததாம். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. எட்டில் ஒருவன் நான்.

இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். இந்தத் தடவை ஏமாற மாட்டேன்.

ஆகஸ்ட் 12

புத்தகத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். விரல் வைக்கும் மெஷின் கெட்டுப்போய் மூன்று மாதம் ஆகிறது. ஆகையால் வந்தது போனதற்கு என் புத்தகம்தான் சாட்சி. பிள்ளைகள் இரவு பத்துக்கும் பத்தரைக்கும் போகிறார்கள். அதனால் மறுநாள் வருவதற்குப் பதினொன்று ஆகிறது. ரேவதிக்கு எதிரே பதினொன்று, பதினொன்று, பதினொன்றேகால். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒருவரை வெளியே தள்ள இது போதாதா?

ஆகஸ்ட் 13

புது நோட்டு வாங்கினேன். அதே அளவு, அதே சிவப்பு அட்டை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முடிந்தது. ஜூலை ஒன்றிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எழுதிவிட்டேன். எல்லோரும் ஒன்பதுக்கு உள்ளே, ஆறுக்கு வெளியே. எவன் குறை சொல்வான்? ஒரு எழுத்தும் கோட்டைத் தாண்டவில்லை. கை வலிக்கிறது, ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பழைய புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மேடம் காலை ஐந்தரைக்கு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். திறந்துகூடப் பார்க்கவில்லை, அப்படியே பையில் வைத்தார்.

"தேங்க்ஸ் தாத்தா. இது ஒண்ணுதான் எனக்கு இருக்குது."

இருக்கட்டும், இருக்கட்டும். போய்ப் பாரும்மா.

ஆகஸ்ட் 22

எப்படி எழுதுவது — எழுதித்தான் ஆக வேண்டும்.

மேடம் வந்ததும் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"தாத்தா, இது நீங்க எழுதுன புக்குதானா?"

சொல்லிவிட்டேன். ஆலை, மேஸ்திரி, அடுப்பு, எல்லாவற்றையும். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். வேலையில் தப்பு வருகிறது, உன் ஆட்கள் சோம்பேறிகள், ரேவதியையும் சத்யராஜையும் அனுப்பு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். சோம்பேறிகள் இல்லை, பத்து மணி வரை உட்கார்ந்து களைத்துப்போய்த் தப்பு விடுகிறார்கள், வேலையைக் குறையுங்கள் என்று இவர் சண்டை போட்டிருக்கிறார். எத்தனை மணி வரை வேலை செய்தார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியும் என்று இவர் சொன்னதற்கு, வீட்டில் திறந்து வைத்துவிட்டு டிவி பார்ப்பார்கள், வாசல் புத்தகத்தைக் காட்டு என்றாராம். நேற்று இவர் காட்டியிருக்கிறார். ஒன்பதுக்கு உள்ளே, ஆறுக்கு வெளியே.

ஐயோ, நான் என்னா காரியம் பண்ணிட்டேன்! எதுக்குடா உனக்கு இந்தப் பேனா?

அரை மணி கழித்து எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார். என்னையும் கூப்பிட்டார். ஓரமாக நின்றேன். முதலாளி சொன்ன இரண்டு பெயரையும் மறைக்காமல் சொன்னார்.

"மொட்டை மாடியில ஒவ்வொருத்தரையும் என்னா கஷ்டம்னு கேட்டேன். என் கஷ்டத்தை மட்டும் சொல்லல. பயந்துடுவீங்கன்னு நினைச்சேன். அது தப்பு. தாத்தாகிட்ட எதுக்குன்னு சொல்லாம புக்கை கேட்டது என் தப்பு. பிரிச்சுப் பாக்காம எடுத்துக்கினு போனதும் என் தப்புதான்."

ரேவதி அழுதாள். சத்யராஜ் என்னைப் பார்த்துக் கத்தினான்.

"நீ கைநாட்டாவே இருந்திருக்கலாம் தாத்தா!"

"சத்யா, அவரை ஒண்ணும் சொல்லாத" என்றார் மேடம்.

சொல்லட்டும்.

ஆகஸ்ட் 23

எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 25

முதலாளியோடு போனில் பேச என்னை உட்கார வையுங்கள் என்று நானே கேட்டேன். போன் திரையில் அவர் முகம் வந்தது. பொய் எழுதியது நான், பிள்ளைகள் பத்து மணிக்குத்தான் போனார்கள், நான்தான் கேட்டைப் பூட்டினேன் என்றேன்.

"இப்பிடிச் சொல்லுன்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றார்.

நான் மேடத்தைச் சந்தேகப்பட்ட மாதிரியே அவர் என்னைச் சந்தேகப்படுகிறார்.

இந்த வாட்ச்மேனையும் அனுப்பிவிடு என்றார். மேடம் மாட்டேன் என்றார். பிறகு மேடமே ஒரு வழி சொன்னார். ஆள் குறைப்பதற்குப் பதில் என் லீடர் பதவியைக் குறைத்துக்கொள்ளுங்கள், நானும் இவர்களோடு உட்கார்ந்து ஐந்தாவது ஆளாக வேலை செய்கிறேன், இரண்டு பேரும் இருக்கட்டும். அமெரிக்காக்காரனிடம் எந்த வேலை இந்த மாதம் முடியாது என்று நானே பேசுகிறேன். மூன்று மாதம் கொடுங்கள்.

முதலாளி யோசித்தார். யோசிப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். கடைசியில் சரி என்றார்.

ஆகஸ்ட் 28

மேடத்தின் கண்ணாடி அறை காலி. ரேவதி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் காலையில் ஐந்து பேரும் நின்றுகொண்டு, இன்று எதைச் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். ஆறரைக்குப் படி இறங்குகிறார்கள்.

சத்யராஜ் என்னோடு பேசுவதில்லை. டீயைத் தனியாகக் குடிக்கிறான்.

செப்டம்பர் 1

சென்னை ஆபீசிலிருந்து ஒருவர் சோதனை பார்க்க வந்தார். சந்தேகத்தோடுதான் மேலே கூட்டிப்போனேன்.

"இங்க இன்சார்ஜ் யாரு?"

"அப்படி இப்ப யாரும் இல்லீங்க" என்றார் மேடம், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மற்ற நான்கு பேரும் கையை நீட்டி அவரைக் காட்டினார்கள்.

வந்தவர் சிரித்துவிட்டார். யாரைப் பார்க்க வந்தார் என்ற கட்டம் என் புத்தகத்தில் காலியாக இருந்தது. என்ன எழுதுவது? பதவி இல்லாதவர் பெயரை எழுதினால் அதுவும் பொய்க் கணக்கு ஆகிவிடுமோ என்று பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னா தாத்தா முழிக்கிற?" பத்து நாளைக்குப் பிறகு சத்யராஜ் குரல். "தேவகி அக்கான்னு எழுது."

எழுதினேன்.