நாமக்கோழிக்காகப் பேசினேன்

டிச. 14, ஞாயிறு
பனி. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. டாக்டர் சொன்னபடி கண்மாய்ப் பூங்காவில் நான்கு சுற்று. பெஞ்சு முழுக்க வெற்றிலைக் கறை. உட்காரவில்லை.

தண்ணீரில் இன்று:
நாமக்கோழி – அறுபதுக்கு மேல். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. (இனி நா.கோ.)
முக்குளிப்பான் – 9
ஊசிவால் வாத்து – 4, தூக்கம்
கடல்காகம் – ஒன்றே ஒன்று. புயலில் வழி தவறியிருக்கும். நடக்க வந்தவர் ஒருவரிடம் காட்டினேன். "கொக்கு பாய் அது" என்று போய்விட்டார். இவர்களுக்கெல்லாம் கண் எதற்கு.

ஆறரைக்கு வெடி. மீன் குத்தகை எடுத்திருக்கும் பாண்டியின் ஆட்கள். பறவைகள் மீனைத் தின்றுவிடுகின்றனவாம். நா.கோ. எல்லாம் தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டு ஓடின. பாண்டி என்னோடு எட்டாவது வரை படித்தவன்.

டிச. 16, செவ்வாய்
ஸ்டோரில் ஏலக்காய் லோடு. நாள் முழுக்கச் சல்லடை, தும்மல். ஆயிஷா: "பறவைய எண்ணுற நேரத்துல அந்த மிக்சியக் கொண்டுபோயி சரி பண்ணிட்டு வரலாம்ல." மனைவியின் நியாயம் அவளுக்கு.
இன்றும் வெடி. ஊசிவால் நான்கும் போய்விட்டன.

டிச. 19, வெள்ளி
ஜும்ஆ முடிந்து நேரே பாண்டியிடம். டீக்கடை வாசல். ஏலக்காய்க்கு மாதிரி எடுப்பதுபோல, கரையில் கிடந்த நா.கோ. எச்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துக் காட்டினேன். முழுக்கப் பச்சை. முள் இல்லை, செதில் இல்லை.
"பாரு. பாசியும் புல்லும்தான் திங்குது. ஒன் மீனத் தொடவே தொடாது."
பாண்டி குனிந்து மோந்தே பார்த்தான். "நெசந்தான் மாப்ளே. கவுச்சி வாடையே இல்லையே."
"அதத்தான சொல்றேன்."
"சரி விடு. இனி வெடி போடமாட்டாய்ங்க."
இந்த வயதில் ஒரு காரியம் சாதித்திருக்கிறேன். ஆயிஷாவிடம் சொன்னேன். மிக்சி என்றாள்.

டிச. 28, ஞாயிறு
வெடி இல்லை. நல்ல குளிர். நா.கோ. நாற்பது இருக்கலாம். பனியில் எண்ணிக்கை தப்பியிருக்கும். கடல்காகத்தைக் காணோம்.
மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜன. 4, ஞாயிறு
நா.கோ. 17. மறுபடி எண்ணினேன். 17. குளிர் காலம் பாதிகூட முடியவில்லை, அதற்குள் எங்கே போகும்? கோரைக்குள் புதிதாக வலை. மீனுக்கு என்றான் பாண்டியின் ஆள். கோரைக்குள் என்ன மீன் என்று கேட்டிருக்க வேண்டும். சொன்ன பேச்சுக்கு வெடியை நிறுத்தியவனைச் சந்தேகப்படுவதா என்று வந்துவிட்டேன்.

ஜன. 11, ஞாயிறு
மதியம் பாண்டி வீட்டிலிருந்து தூக்குவாளியில் கறிக்குழம்பு. ஆயிஷா வழக்கம்போல அவனுக்கு போன் போட்டு, ஹலாலா என்று கேட்டாள்.
"கறிக்கடை பாயக் கூட்டியாந்து ஓதி அறுத்ததுதான் தங்கச்சி. ஒங்களுக்குன்னு தனியா."
இத்தனை வருடப் பழக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வேறு மாதிரி அவன் அனுப்பியதே இல்லை. நாட்டுக்கோழிதான். மிளகு தூக்கல். சர்க்கரையை மறந்து இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

ஜன. 12, திங்கள்
நா.கோ. மூன்று.
மதகடியில் ஒரு சாக்கு, வாய் திறந்து கிடந்தது. உள்ளே கறுப்பு இறகு. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பாண்டி வந்தான். மறைக்கக்கூட இல்லை.
"நேத்துக் கறி எப்படி மாப்ளே? நீ சொன்னது சரிதான். பாசி திங்கிறதுல்ல, கவுச்சியே இல்ல. முன்னாடி மீன் திங்கிற சனியன்னு ஒரு பய தொடமாட்டான். இப்ப மெட்டுக்குப் போற ஜீப்புக்காரய்ங்க கேட்டுக் கேட்டு வாங்குறாய்ங்க."
தோளில் கை போட்டான். அன்பாகத்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காகிதத்தில் மடித்துப் போய் அவற்றைக் காட்டிக்கொடுத்தவன் நான்.
வனத்துறைக்குச் சொல்லலாம். நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள்.
அவன் இன்னும் பதிலுக்குக் காத்து நின்றான்.
"நல்லா இருந்துச்சு" என்றேன்.
பொய்கூட இல்லை.