ஒரு பைக்கு ஒரு படம்

ஜூன் 6, சனி

காலையிலிருந்து ஆக்லாந்துக் குளிர்கால மழை. பக்குரங்காவிலிருந்து பிளாக்ஹவுஸ் பே ஹாலுக்குப் போய்ச் சேருவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மோட்டர்வேயில் யாரோ யாரையோ இடித்துவிட்டு நடுவில் நிற்கிறார்கள்.

பயணத்துக்கு இன்னும் நான்கு வாரம். எங்கள் தமிழ்ப் பள்ளி மாணவர் குழு, பதினான்கு பேர், எல்லாம் பதினைந்து பதினாறு வயது. ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஜூலை விடுமுறையில் இரண்டு வாரத் தொண்டு. அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. பாக்கி வேலை:

– டைபாய்டு ஊசி, மூன்று பேர்
– விசா. ஒருத்தன் போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறான், திரும்ப எடுக்க வேண்டும்
– அந்தப் பள்ளி நூலக அறைக்கு ஸ்டிக்கர், மார்க்கர்
– "அங்க வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குல்ல மீனா?" எல்லா அம்மாக்களும் தனித்தனியாகக் கேட்டாயிற்று. இல்லை. இல்லை. இல்லை.

குழுத் தலைவர் சேகர் சார் ஒரு பையோடு வந்தார். ஸ்கூல் பை, நல்ல துணி. முதுகில் ஸ்பான்சர் பெயர், போன் நம்பர். அந்த ஸ்பான்சர் மார்ட்கேஜ் புரோக்கர். ராமநாதபுரத்துப் பிள்ளை முதுகில் ஆக்லாந்து வீட்டுக்கடன் விளம்பரம்! சரி, அது போகட்டும். கடைசி நாள் மேடை போட்டு நம் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கொடுப்பார்களாம், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்குவார்களாம்.

"ஒரு பைக்கு ஒரு படம். ஸ்பான்சர் கேட்டிருக்கார்" என்றார் சேகர்.

பைகளை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வந்தால் டீச்சர்கள் கொடுத்துக்கொள்வார்களே என்றேன்.

"அப்புறம் குடுத்தோம்ங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"அப்ப அந்த மேடைக்கு நான் வரல."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

லீவு. மலை போல் துணி. மடித்துக்கொண்டே பிரபுவிடம் கத்தினேன். "ஒரு பைக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சொன்னதில்லை. இன்று சொன்னேன்.

சுனாமியில் கடல் வந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தோம். ஒரு நாள் வேன் வந்தது. பை கொடுக்க வந்தவர் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு வாரை நான். "அப்படியே பிடி, கேமராவைப் பாரு." புதுப் பை. எனக்கு வாய் மூடவில்லை. படம் எடுத்தவர் கேமராவை இறக்கினார்.

"பாப்பா, சிரிக்காதே."

திரும்ப எடுத்தார். திரும்பவும் சிரித்துவிட்டேன். பையை வாங்கிவைத்துக்கொண்டு திரும்பக் கொடுத்தார்கள். வரிசைக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா, "சிரிக்காதடி, சிரிக்காதடி" என்று சைகை. கடைசியில் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டேன். பை என்னுடையதானது.

பிரபு கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "அந்தப் பை என்னாச்சு?"

எட்டாவது முடியும்வரை அதைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல பை. அதையும் சொல்லத்தானே வேண்டும். நல்ல பை என்பதால்தான் இன்னும் எரிகிறது. இந்தக் கோபம் ஆறவில்லை, ஆற விடவும் போவதில்லை.

ஜூன் 9, செவ்வாய்

வேலை முடிந்து, நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக் கார் பார்க்கிலிருந்தே அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு வீடியோ கால். (இனி த.ஆ. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) நல்ல பெண்மணி. பின்னால் மின்விசிறி சத்தம், பிள்ளைகள் சத்தம், நடுவில் யாரையோ "டேய், ஜன்னல்லேர்ந்து இறங்கு" என்கிறார்.

மேடை வேண்டாம் என்றேன்.

"ஃபங்ஷன் இல்லாம எப்படி மேடம்? ஷாமியானாவுக்குச் சொல்லியாச்சு. கவுன்சிலர் வர்றாரு. நம்ம புள்ளைங்களே கேக்குதுங்க, நியூசிலாந்து அக்காங்க செல்ஃபி எடுப்பாங்களான்னு."

உண்மைதானே, யாருக்குத்தான் படம் பிடிக்காது. காரில் உட்கார்ந்து யோசித்தேன். செல்ஃபி, இரண்டு பேர் விரும்பி ஒட்டி நின்று எடுப்பது. எடுக்கட்டும், நூறு எடுக்கட்டும். பை கைக்கு வர முகத்தைக் கொடுக்கவேண்டும் என்பது வேறு. அதை அவரிடம் சொன்னேன். புரிந்த மாதிரியும் இல்லை, புரியாத மாதிரியும் இல்லை. "பாத்துக்கலாம் மேடம்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் தெருமுனை டெய்ரிக் கடையில் பால், பிரெட். முட்டை மறந்துவிட்டது.

ஜூன் 13, சனி

குளிர். ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இன்று நடந்ததை விடாமல் எழுதவேண்டும்.

சேகர் ஒத்திகை வைத்தார். பை கொடுக்கவும் ஒத்திகையா? வைத்தார். பாதிப் பிள்ளைகள் கொடுப்பவர்கள், பாதி வாங்குபவர்கள். அவர் மகள் ஹரிணி வாங்குபவர் வரிசையில். பதினாறு வயது, எதைக் கேட்டாலும் பாதி ஆங்கிலத்தில்தான் பதில். சேகர் பையை அவள் கையில் கொடுத்து, தோளைத் திருப்பிவிட்டு, போனைத் தூக்கினார். டீ மேசையிலிருந்து அவர் மனைவியின் குரல்:

"ஏங்க! ஹரிணியை எடுக்காதீங்க! ஃபார்ம்லயே வேணாம்னு போட்டிருக்கேன்ல!"

போன வருடம் ஹரிணி ஆடிய படத்தைக் குழுவின் பக்கத்தில் போட்டார்களாம், ஒரு வாரம் காய்ச்சலாம். கண் பட்டுவிட்டது. அதிலிருந்து படம் கூடாது.

பெற்றோர் சம்மதப் படிவமெல்லாம் வதனி அக்கா பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், கணக்காளர், காகிதம் இல்லாமல் மூச்சுகூட விடமாட்டார். கோப்பைப் புரட்டினார். "ஓம், கிடக்குது. ஹரிணிக்குப் படம் வேண்டாம். இன்னும் மூண்டு பிள்ளையளுக்கும் வேண்டாம் எண்டுதான் போட்டிருக்கினம்."

சேகர் உடனே மகளை வரிசையிலிருந்து நகர்த்தினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கண் பட்டது என்றாலும் சரி, பல் விழுந்தது என்றாலும் சரி, பெற்றவள் வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால்தான் கேட்டேன்.

"அந்த ஊர்ப் பிள்ளைங்களோட ஃபார்ம் எங்க சார்?"

"அங்கெல்லாம் அது வழக்கம் இல்லம்மா."

"இங்க வழக்கம். நாம இங்கேர்ந்துதானே போறோம்?"

"அவங்க சந்தோஷமாத்தான் நிப்பாங்க. சும்மா இருக்கிறதைக் கிளறாத மீனா."

"சந்தோஷமா நிப்பாங்கன்னா கேக்கறதுக்கு என்ன பயம்? இன்னைக்கே தமிழ்ல எழுதி அனுப்பறேன்."

"குழு முடிவு பண்ணாம எதுவும் போகக்கூடாது."

"போகும் சார்."

வடைத் தட்டைப் பிடித்திருந்தவர் வடைத் தட்டோடு அப்படியே நின்றார். என் குரல் நடுங்கவில்லை. அது போதும்.

வெளியே மழையில் வதனி அக்கா என் குடைக்குள் வந்தார். "நீர் எழுதும். நான் பாத்துத் திருத்தித் தாறன். ஆரும் கத்தினா நான் கதைக்கிறன்."

ஜூன் 14, ஞாயிறு

படிவம் எழுதியாயிற்று. என் முதல் வரி: "என் பிள்ளையைப் புகைப்படம் எடுத்து வெளியிட இசைவு தெரிவிக்கிறேன்." வதனி அக்கா போனில் சிரித்தார். "ஆருக்கு ஐசே விளங்கும் உது? படம் எடுக்கலாமோ எண்டு கேளும்." கடைசியில் இரண்டே வரி. உங்கள் பிள்ளையைப் பை வாங்கும்போது படம் எடுக்கலாமா? எடுக்கலாம், வேண்டாம், ஏதாவது ஒன்றில் டிக். த.ஆ.வுக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் சேகர்: "தனிநபர் முடிவுகளுக்குக் குழு பொறுப்பல்ல." கூடவே கும்பிடும் கை. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

எனக்குப் பதில் வேறு ஆள் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் பஸ்ஸில் வாந்தி எடுப்பான், யார் அம்மா இல்லாமல் தூங்கமாட்டாள் என்பதை வெளியில் சொல்லமாட்டாள், எல்லாம் என் தலைக்குள்தான் இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியுமா என்று ஏஜென்ட்டைக் கேட்டேன். முடியாதாம். சந்தோஷம்.

ஆனால் போக முடியாமல் போனால்? அதையும் நினைத்துப் பார்த்தேன். ஒரு வருடமாக நான் ஓடி ஓடிச் சேர்த்த பயணம். அழுகை வரும். வந்தால் வரட்டும், அந்த மேடையில் ஏறி நிற்பதைவிட இங்கே உட்கார்ந்து அழலாம்.

ஜூன் 17, புதன்

கார் கண்ணாடியில் பனி. சுரண்டி எடுக்க நேரமாகி, வேலைக்கு லேட்.

சாயங்காலம் த.ஆ.விடமிருந்து செய்தி. நிறைய படிவம் வந்துவிட்டதாம், பெரும்பாலும் "எடுக்கலாம்". கொஞ்சம் ஏமாற்றம் எனக்கு, எழுதவே வெட்கமாயிருக்கிறது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், ஒரு அம்மா பேசியது. பெட்ஷீட் அடுக்கும் அறைக்குள் நின்று கேட்டேன்.

"டீச்சர், ஒரு சந்தேகம். படம் வேணாம்னு டிக் போட்டா பாப்பாவுக்குப் பை கெடைக்குமா? அவளுக்குப் பிடிக்கல, வேணாங்குறா. ஆனா பை கெடைக்காதுன்னா இப்பவே சொல்லிருங்க டீச்சர், எடுக்கலாம்னே போட்டுர்றேன்."

திரும்பக் கேட்டேன். பெட்ஷீட்டில் முகத்தை வைத்து அழுதேன்.

என் தப்பு. இரண்டு வரி எழுதி என்னவோ சாதித்த மாதிரி இருந்தேனே, எதில் டிக் போட்டாலும் பை உண்டு என்று மூன்றாவது வரி எழுத என் புத்திக்குத் தோன்றவில்லை. அது இல்லாத படிவம் எதற்கு? எல்லாரும் "எடுக்கலாம்" போட்டதன் லட்சணம் இப்போதுதான் புரிகிறது.

உடனே த.ஆ.வுக்கு: "கிடைக்கும். எதில் டிக் போட்டாலும் கிடைக்கும். எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டுத் திரும்பக் கேளுங்கள்." யாரைக் கேட்டுக்கொண்டு இப்படிச் சொன்னேன்? யாரையும் கேட்கவில்லை.

பிறகு ஒன்று கேட்டேன். இந்தக் குரலை இங்கே எங்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டலாமா, அந்த அம்மாவைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று. வேலை முடிந்து இல்லத்து டீ ரூமில் டீ குடிக்கும்போது பதில் வந்தது. அவர் சொன்னாராம்: "எம் பேரைச் சொல்ல வேணாம். பேச்சைக் கேக்கட்டும்."

ஜூன் 20, சனி

வெயில், ஆச்சரியமாக. ஹால். பெற்றோரும் பிள்ளைகளும். இன்று பேச வேண்டியது: இன்ஷூரன்ஸ், டி-ஷர்ட் நிறம், கடைசியாக "மீனாவின் பொறுப்பு குறித்து."

கடைசியை முதலில் எடுக்கலாம் என்றேன். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு அம்மா, பெயர் சொல்ல மாட்டேன், அவர் சம்மதித்துத்தான் போடுகிறேன் என்றேன்.

குரல் முடிந்தது. சேகர் டி-ஷர்ட் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஹரிணிதான் வாயைத் திறந்தாள். அந்த ஊர்ப் பேச்சின் வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. "அப்பா, வாட் டிட் ஷீ சே?"

"அவங்க பொண்ணுக்குப் போட்டோ வேணாமாம்" என்றார் சேகர்.

"தட்ஸ் இட்? ரொம்ப நேரம் பேசினாங்களே."

மீதியை நான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். ஹரிணி கேட்டுக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஸோ, பை கிடைக்குமா?"

"நான் கிடைக்கும்னு சொல்லிட்டேம்மா" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஐ'ம் ஆஸ்கிங் அப்பா."

மற்ற பிள்ளைகளும் அவரைத்தான் பார்த்தார்கள். சேகர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடைக்கும்" என்றார் சேகர்.

"போட்டோ இல்லாமலா?" என்றாள் ஹரிணி.

முணுமுணுவென்று என்னவோ சொன்னார், பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் காதில் விழவில்லை. வதனி அக்கா கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"வடிவாச் சொல்லுங்கோ சேகர். மினிட்ஸில எழுதோணும்."