இரண்டு பேருக்குப் பத்து நாள்

நவம்பர் 20, வியாழன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. இவருடைய போர்வை மூன்றாவது நாளாகக் கொடியில், இன்னும் ஈரம்.

அங்கன்வாடிக்குப் போகும்போது ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். "துபான் வஸ்தோந்தி, அந்தரூ ஜாக்ரத்தகா உண்டண்டி." புயல் வருகிறது, எல்லோரும் ஜாக்கிரதை. எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று சொல்வதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அங்கன்வாடி சென்டரில் நான் எழுத வேண்டிய ரிஜிஸ்டர் பதினொன்று. எல்லாம் தெலுங்கில். இந்த நோட்டு மட்டும் தமிழில் எழுதுகிறேன். யாரும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.

போன வருஷம் இதே மாதம்தான். ஓடைத் தரைப்பாலம் ஐந்து நாள் தண்ணீருக்குள். கரெண்ட் இல்லை. வாதம் வந்து இவர் படுத்திருக்கும் காற்று மெத்தையின் மோட்டார் நின்றுவிட்டது. மெத்தை சப்பையாகி, கட்டில் பலகை மேலேயே கிடந்தார். நான் ஒருத்தி எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைக்க முடியும்? ஆறாவது நாள் இடுப்பில் புண். எலும்பு தெரிகிற அளவுக்குப் போய், ஆறுவதற்கு நாலு மாதம்.

இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது.

நவம்பர் 22, சனி

சத்தியவேடு போய் வந்தேன். தூறல். போகும்போதும் நின்றுகொண்டு, வரும்போதும் நின்றுகொண்டு. சென்டரில் என்னோடு வேலை செய்யும் கன்னியம்மா மூன்று மணி நேரம் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புண்ணியம்.

வாங்கியது:
அரிசி 7 கி. (வீட்டு டின்னில் 5 இருக்கிறது)
பாசிப்பருப்பு 2 கி., இவருக்குக் குழைத்துக் கொடுக்க
துவரம்பருப்பு 1 கி.
கேழ்வரகு மாவு 3 கி. வறுத்து ஆற வைத்தால் வண்டு வராது
வெல்லம், உப்பு, புளி, எண்ணெய்
மெழுகுவத்தி, தீப்பெட்டி. தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். போன வருஷம் எல்லாம் நமுத்துப் போயிற்று
பெரியவர்களுக்கான டயப்பர் 3 பாக்.
பி.பி. மாத்திரை ஒரு மாதத்துக்குக் கேட்டேன், பதினைந்து நாளுக்குத்தான் இருந்தது

இரண்டு பேருக்குப் பத்து நாள் தாராளமாக வரும். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

காவ்யா திருப்பதி ஹாஸ்டலிலிருந்து போன். நர்ஸிங் இரண்டாம் வருஷம். "தண்ணி காய்ச்சி வெச்சிக்கோம்மா. அப்பாவுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா திருப்பணும், மறந்துடாத." மறப்பேனாம்.

நவம்பர் 23, ஞாயிறு

மாவு வறுத்தேன். இரண்டு டிரம் தண்ணீர் நிரப்பினேன். பழைய இன்வெர்ட்டரை எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மெத்தை மோட்டாரை மட்டும் ஓட்டினால் ஒன்றரை நாள் தாங்குமாம். விளக்கு, ஃபேன் எதையும் அதில் போடக் கூடாது.

இவரிடம் சொன்னேன், எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன், பயமில்லை என்று. "ஆமா" என்றார். வாதம் வந்த நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைதான். சாப்பிடுகிறீர்களா? ஆமா. வேண்டாமா? ஆமா. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

முதுகு வலி. தைலம் தீர்ந்துவிட்டது. லிஸ்டில் எனக்கென்று ஒன்றுமே எழுதவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை. காலை ஆறு மணிக்குப் பிடித்தது, விடவில்லை. சென்டர் லீவு. பிள்ளைகளுக்கு வந்த முட்டை அட்டையை உயரமான அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டு வந்தேன்.

மத்தியானம் கரெண்ட் போனது. இன்வெர்ட்டர் ஓடுகிறது. மோட்டாரின் அந்த 'ம்ம்ம்' சத்தம் கேட்கும்வரை நிம்மதி.

நவம்பர் 26, புதன்

தரைப்பாலம் மூழ்கிவிட்டது. பால் வரவில்லை.

மூன்று மணி இருக்கும், கதவைத் தட்டும் சத்தம். ஏழுமலை. இவருடைய தம்பி. பின்னால் அவன் பெண்டாட்டி செல்வி, இரண்டு பெண்கள். எல்லோரும் தொப்பலாக. பேச்சு நின்று ஒன்றரை வருஷத்துக்கு மேல்.

"அண்ணி, ஏரித் தண்ணி கலங்கல் மேல வழிஞ்சிக்கினு கீது. எங்க வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பொண்ணுங்களையும் இவளையும் ஒண்டி இங்க வெச்சிக்கோ. நான் ஸ்கூல்ல படுத்துக்கறேன்."

"ஸ்கூல் கூரை ஒழுவும். எல்லாரும் உள்ள வாங்க" என்றேன். வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான மேட்டுக் கொல்லைக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று அண்ணனும் தம்பியும் தெருவில் நின்று கத்திக்கொண்டார்கள். ஊரே பார்த்தது. பதினைந்தாம் நாள் இவர் விழுந்தார். டாக்டர் பி.பி. என்றார். நான் ஏழுமலை என்றேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர்கள் வெளியே குழாயடியில் சேறு கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு காரியம் செய்தேன். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன். ஏழு கிலோ அரிசிப் பையையும் வெல்லத்தையும் இவர் கட்டிலுக்கு அடியில் தள்ளி, டயப்பர் பாக்கெட்டுகளை முன்னால் அடுக்கினேன்.

செல்வி உள்ளே வந்ததும் டின்னைத் திறந்து காட்டினேன். "அரிசி இவ்ளோதான் கீது. பாத்துத்தான் துன்னணும்."

"கஞ்சியா காச்சிக்கலாம்க்கா" என்றாள். அவர்கள் தூக்கிக்கொண்டு வர முடிந்தது ஒரு பை வேர்க்கடலை. அதை என் முன்னால் வைத்தாள்.

இவருக்காகத்தான் ஒளித்தேன். அதுதான் காரணம். அது மட்டும்தானா என்று கேட்டால் தெரியாது.

நவம்பர் 27, வியாழன்

பதினொரு மணிக்கு இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு நின்றது. ஒன்றரை நாள் என்றார், இரண்டு நாள் தாங்கியது. அவ்வளவுதான். மெத்தை மெதுவாக இறங்கியது. கையை விட்டுப் பார்த்தேன், பலகை தட்டுப்பட்டது.

இடது பக்கம் திருப்ப முயன்றேன். மணிக்கட்டு பிசகிக்கொண்டது. பாதியில் விட்டால் அவர் கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பிடித்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவும் பிடிக்கவில்லை.

ஏழுமலை நேற்றிலிருந்து அந்த அறை வாசற்படி தாண்டவில்லை. வெளியே நின்று பார்ப்பான், போய்விடுவான். இப்போது உள்ளே வந்தான்.

"எப்டி புடிக்கணும், சொல்லு அண்ணி."

"தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. இழுக்காத, தோல் பிஞ்சிடும். தூக்கித் திருப்பணும்."

திருப்பினான். "வலிக்குதாண்ணா?" "ஆமா" என்றார் இவர். ஏழுமலை சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

"அவரு எல்லாத்துக்கும் ஆமாதான். மூஞ்சியப் பாரு."

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். இவரும் அவனைப் பார்த்தார். பிறகு ஏழுமலை கொல்லைப்புறம் போய் மழையில் நின்றான். செல்வி கூப்பிட்டும் வரவில்லை.

சாயங்காலம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினேன். இடது, நேர், வலது. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. நான், ஏழுமலை, செல்வி. பெரிய பெண் யமுனா தன் பெயரையும் எழுதிக்கொண்டாள். அதை நான் அழிக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

மழை குறைவு. காற்று. ஏரி இன்னும் வழிகிறது. செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. காவ்யா பயந்துகொண்டிருப்பாள்.

ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கியிருக்கிறேன். எப்போது கடைசியாக அப்படித் தூங்கினேன் என்று நினைவில்லை. எழுந்ததும் பதறிப்போய் காலண்டர் தாளைப் பார்த்தேன். நான் போட வேண்டிய இரண்டு டிக்கும் செல்வியின் கையால் போட்டிருந்தது.

டிரம் தண்ணீர் பாதிக்குக் கீழே. ஏழுமலை முழங்கால் தண்ணீரில் நடந்து மேட்டுக் கொல்லைக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்தான். அந்தப் பக்கம் வெள்ளம் ஏறவில்லை. தண்ணீர் தெளிவு. காய்ச்சி வைத்தேன். யாரும் அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை.

மத்தியானம் டின்னின் அடி தெரிந்தது. கஞ்சி. ஆறு டம்ளர் வைத்தால் ஐந்துதான் நிறைந்தது. செல்வி எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

"நீ குடி" என்றேன்.

"வயிறு சரியில்லக்கா. ஒண்ணும் எறங்க மாட்டேங்குது."

பொய். காலையிலும் குடிக்கவில்லை, நேற்றும் அரை டம்ளர்தான். பிறகு உட்கார்ந்து வேர்க்கடலைத் தோலைக் கூட்டிக்கொண்டே, உள்ளே ஒட்டியிருந்த சொத்தைப் பருப்பைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

இவருக்குக் கஞ்சியில் பாசிப்பருப்பைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் என் கால் பட்டது. பையின் மேல்தான் பட்டது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, பாக்கெட்டுகளை ஒதுக்கி, பையை இழுத்துக்கொண்டு போய் சமையலறையில் வைத்தேன். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

செல்வி முறத்தை எடுத்தாள். இரண்டு படி அளந்து போட்டாள், கல் பொறுக்க ஆரம்பித்தாள். தலை நிமிராமல்,

"அந்த வெல்லத்தையும் அப்டியே எடுத்துக்கினு வாக்கா. சின்னவளுக்கு வெறுங்கஞ்சி எறங்கல."

வெல்லம் இருப்பதை நான் சொல்லவே இல்லை.

டயப்பர் எடுக்கக் குனிந்த அன்றே தெரிந்திருக்கிறது அவளுக்கு. தெரிந்துகொண்டே பட்டினி கிடந்திருக்கிறாள், புருஷனிடம்கூடச் சொல்லாமல். கொல்லைப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சோறு வடித்தோம். ஐந்து நாளுக்குப் பிறகு புளிக்குழம்பு. செல்விக்கு நான்தான் போட்டேன். மூன்று தடவை போட்டேன்.

நவம்பர் 29, சனி

வெயில். மங்கலாக ஒரு மணி நேரம். போர்வை ஒருவழியாகக் காய்ந்தது.

இடது இடுப்பில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்கிறது. அப்படியென்றால் பயமில்லை என்று காவ்யா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இருந்தாலும், இனி அந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டாம் என்று தாளில் அடித்து எழுதினேன்.

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அறையிலிருந்து ஏழுமலை குரல்.

"செவ்வா, வெள்ளி ஒனக்கு. புதன், சனி எனக்கு. மீதி நாளு யாருக்குத் தேவையோ அவங்களுக்கு. சரியாண்ணா?"

"ஆமா."

"இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ஆமா."

ஏழுமலை சிரிப்பது போலச் சத்தம். பிறகு அது சிரிப்பு இல்லை. நான் உள்ளே போகவில்லை. களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

பாலத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. காலை பத்துக்குக் கரெண்ட். மோட்டார் ஓடுகிறது. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று மெத்தை மேலே எழும்புவதைப் பார்த்தோம், ஏதோ திருவிழா மாதிரி.

சப்-சென்டர் நர்ஸம்மா வந்தார். இவரைத் திருப்பி முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தார். "பாகுந்தி அம்மா. எக்கடா புண்டு லேது." எங்கும் புண் இல்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். தாளைப் பார்த்து, "இது யார் எழுதியது?" என்று தெலுங்கில் கேட்டார். எல்லோரும் என்றேன்.

காவ்யா போனில் அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்குக்கூட எழுந்து உட்கார வேண்டும், அதற்கும் தெம்பில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

அவர்கள் வீடு திரும்பினார்கள். போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரம் சேறு. நெல் குதிர் ஊறி, முளை விட்டு, வீடெல்லாம் புளித்த நாற்றம். ஒரு வருஷத்துச் சாப்பாடு. செல்வி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மீதி இருந்த இரண்டு கிலோ அரிசி, கேழ்வரகு மாவில் பாதி, உப்பு, தீப்பெட்டி எடுத்துக்கொண்டு போனேன். "ஒனக்கு வெச்சிக்கோக்கா" என்றாள். வைத்துவிட்டு வந்தேன்.

சென்டர் திறந்தாயிற்று. முட்டை ஒன்றும் உடையவில்லை. பிள்ளைகள் நாலு பேர்தான் வந்தார்கள். ரிஜிஸ்டரில் மழை லீவுக்குத் தனிப் பக்கம் கேட்கிறார்கள்.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. எட்டு மணிக்கு எழுந்து தாளைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் என் பெயர்தான் எழுத வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

நல்ல வெயில். ஈரத் துணி எல்லாம் வெளியே.

பத்து மணிக்கு ஏழுமலை வந்தான். சேறு அள்ளி அள்ளிக் கை முழுக்கக் கொப்புளம். "நீ போய் படு அண்ணி. நான் பாத்துக்கறேன்." சமையல் ஆகவில்லை என்றேன். "செல்வி செஞ்சி அனுப்பறா. போ."

படுத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது வெளியே நிழல் நீண்டிருந்தது. நாலரை. சத்தமே இல்லை. ஓடினேன்.

இவர் வலது பக்கம் ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை சரியாகக் கொடுத்து, தூக்கம். கீழே பாயில் ஏழுமலை, அதே பக்கம் ஒருக்களித்து, தூக்கம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி குறட்டை. ஒன்று நிற்கிற இடத்தில் மற்றது தொடங்குகிறது. இருபத்தைந்து வருஷமாக ஒன்றை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். டீ போட வேண்டும். பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.