நைலான் நூல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் சுகமாய் இருக்க வேண்டும். முதல் இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை, இதற்கும் எதிர்பார்க்கவில்லை. ஞாயிறுதோறும் நீ அம்மாவிடம் போனில் பேசுவது தெரியும், நான் அறைக்குள் வந்தால் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள்.

அறிவியல் டீச்சர் விடுப்பில் போனதால் நான் ஓய்வு பெற்ற பழைய பள்ளியில் இரண்டு வாரம் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சாக்பீஸ் தூள் படாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே என்றாள் அம்மா. ஐந்தாம் வகுப்புக்குச் சர்க்கரைப் படிகம். வெந்நீரில் இனிக் கரையாது என்னும்வரை சர்க்கரை போட்டு, பதினோரு பாட்டிலில் ஊற்றி, பென்சிலில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். கடைசிப் பாட்டிலுக்குப் பருத்தி நூல் தீர்ந்துவிட்டது, மேஜையில் கிடந்த நைலானைக் கட்டினேன். பத்து நாளில் பத்து நூலிலும் கற்கண்டு, வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணின் நூல் மட்டும் மொட்டை. பொறுமை இல்லாமல் தூக்கித் தூக்கிப் பார்த்திருப்பாய் என்றேன். நான் தொடவே இல்ல சார், நீங்க குடுத்த நூலப் பாருங்க சார் என்றாள். பார்த்தேன். அந்த வழுவழுப்பில் சர்க்கரைக்குப் பிடிமானம் ஏது, எல்லாம் அடியில் இறுகிக் கிடந்தது.

அதே ஐந்தாம் வகுப்பில், இதே படிகத்துக்கு நீயும் நான் தொடவே இல்லப்பா என்று அழுதாய். அன்றும் நூல் தீர்ந்துபோய், என் மகள்தானே என்று உனக்குத்தான் நைலானைக் கொடுத்தேன். இங்கே நான் உனக்கு சார், அப்பா இல்லை என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். போன வருடம் நீ புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து நின்று, என் மேல தப்பு இல்லப்பா என்றபோதும் பொறுமையாய் இரு என்றுதான் திருப்பி அனுப்பினேன். அந்த மாப்பிள்ளையையும் தேடிப் பிடித்தவன் நானே. பிறகு நீ தனியாக அத்தனை தூரம் போய்விட்டாய்.

வாயாடியிடம் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். பரவால்ல சார் என்று உடனே வேறு நூல் கட்டிவிட்டாள். உன்னிடம் அப்படிக் கேட்கும் காலம் போய்விட்டது. அடியில் இறுகியதைச் சுரண்டப் பார்த்தேன், பாட்டில்தான் உடைந்தது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். என்றும் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சத்தமாகவே பேசச் சொல். நீ பேசி முடிக்கும்வரை நான் தெருவில் நடந்துவிட்டு வருகிறேன்.

உன் அப்பா